முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடுமா?
மனச்சோர்வு சிகிச்சையில் பின்னூட்டம் வேண்டாம் என்போருக்கு மறுப்பு

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவரின் நிலையை ஒவ்வொரு வருகையிலும் ஒரே அளவுகோலால் அளந்து, அந்த அளவையும் அது முன்னைவிட ஏறியதா இறங்கியதா என்பதையும் சிகிச்சை தருபவரின் கைக்கே சேர்ப்பது பின்னூட்டம் எனப்படுகிறது. சிகிச்சை தருபவர் என்பதில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், பயிற்சி பெற்ற ஆலோசகர் எல்லோரும் அடக்கம். இதற்குப் பெரிதும் பயன்படும் அளவுகோல் 2001-ல் வெளியான பி.எச்.க்யூ-9. தூக்கக் கோளாறு, பசியின்மை, அசதி, எதிலும் நாட்டமின்மை, சாகலாம் என்ற எண்ணம் உள்ளிட்ட ஒன்பது தொல்லைகள் கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவது அதன் முறை. உச்சம் 27. 10-ஐ எட்டினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். 20-ஐத் தொட்டால் நிலைமை கடுமை. பயன்படுத்தக் கட்டணம் கிடையாது.

புதுச்சேரியில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை கிடைக்கும் வாசல்கள் குறைவல்ல. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்ட மனநலத் திட்டம், ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று அவை பரவியுள்ளன. 30 வயது கடந்தோரிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் அறிகுறிகளை விசாரிக்க நாடு முழுவதும் களப்பணியாளர்கள் நிரப்பும் படிவத்தின் கடைசிப் பகுதியில் மனச்சோர்வு பற்றிய இரண்டு கேள்விகளும் உண்டு. ஆனால் அது நோயுள்ளவரைக் கண்டுபிடிக்க ஒருமுறை கேட்கும் ஏற்பாடு. சிகிச்சை தொடங்கிய பிறகு அதே மனிதர் தேறுகிறாரா என்று திரும்பத் திரும்ப அளந்து சிகிச்சையாளரிடம் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை.

அப்படி ஒன்று தேவையே இல்லை என்பதுதான் மருத்துவ வட்டாரத்திலும் நிர்வாகத்திலும் பரவலாக நிலவும் கருத்து. அதன் வாதங்கள் ஆறு. அனுபவமுள்ள சிகிச்சையாளருக்கு நோயாளியைப் பார்த்தாலே தெரியும், எண் எதற்கு? ஓ.பி.யில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே கேள்வித்தாளுக்கு ஏது நேரம்? அயல்நாட்டில் எழுதிய கேள்விகளுக்கு நம் ஊர் மக்கள் உண்மையான பதில் சொல்லமாட்டார்கள். முதலில் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையைக் கூட்டட்டும், அளப்பதெல்லாம் பிறகு. வெளிநாட்டு ஆய்வுகளே பின்னூட்டத்தின் பலன் சிறிது என்கின்றன. கடைசியாக, இந்த எண்கள் நாளை ஊழியர்களை அடிக்கும் கோலாகிவிடும்.

இவற்றைச் சோம்பலின் சாக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது. இப்படிச் சொல்பவர்களில் பலர் நாள் முழுதும் நோயாளிகளைப் பார்த்துக் களைத்தவர்கள். அவர்கள் சுட்டும் சிரமங்கள் உண்மையானவை. அந்தச் சிரமங்களிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் பிழை.

1. பார்த்தாலே தெரியும் என்ற வாதம்

தெரிகிறதா என்று எவராவது சோதித்தார்களா? சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், 550 பேரில் சிகிச்சையின் முடிவில் யார் யார் நிலை மோசமாகியிருக்கும் என்று சிகிச்சையாளர்களிடமே கேட்கப்பட்டது. வழக்கமாகச் சுமார் 8 சதவீதம் பேர் மோசமாவார்கள் என்ற தகவலும் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. அவர்கள் சுட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சுட்டிய மூவரில் ஒருவர் விஷயத்தில் மட்டுமே கணிப்பு பலித்தது. அதே வேளையில், வாராவாரம் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிட்ட எளிய சூத்திரம், அந்த 40 பேரில் மிகப் பெரும்பாலோரைச் சரியாகக் காட்டியது. கூடவே, மோசமாகாத சிலரையும் சேர்த்துக் காட்டியது. தேவையில்லாமல் சிலரைக் கூடுதலாகக் கவனிக்க நேர்வதும், கவனிக்க வேண்டிய 39 பேரைக் கோட்டைவிடுவதும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல.

2012-ல் வெளியான மற்றோர் ஆய்வு 129 மனநலப் பணியாளர்களிடம் அவரவர் திறமையை அவரவரே மதிப்பிடச் சொன்னது. நான்கில் ஒரு பங்கினர், நூறு பேரில் முதல் பத்துப் பேருக்குள் தாங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். சராசரிக்குக் கீழே என்று தன்னைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கணக்குப்படி இது நடக்க முடியாத காரியம்.

இது ஆணவம் என்று முடிவு கட்டத் தேவையில்லை. தன் வேலையின் விளைவு தன் கண்ணில் படாத எந்தத் தொழிலிலும் இதுதான் நடக்கும். தையல் பிரிந்தால் அறுவை மருத்துவருக்குத் தெரிந்துவிடும். ஆலோசனை பலிக்கவில்லை என்றால் ஆலோசகருக்கு எது தெரிவிக்கும்? பலிக்காதவர் அடுத்த முறை வரவே மாட்டார். வந்து உட்கார்ந்து "இப்பப் பரவாயில்லைங்க" என்று சொல்பவர்களை மட்டுமே ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் ஒருவருக்கு, தன் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வளர்வது இயல்பு. அந்த நம்பிக்கைக்கு எதிர்ச்சான்றாக இருக்க வேண்டியவர்கள் கடலூர், விழுப்புரம் பேருந்தில் ஏறிப் போனவர்கள், திரும்பி வராதவர்கள். அனுபவம் கூடக்கூட இந்தக் குறை நீங்குவதில்லை. ஒரே பக்கத்துச் சான்று மேலும் மேலும் சேர்வதால் தவறான நம்பிக்கைதான் உறுதிப்படுகிறது. ஆகவே, பின்னூட்டப் பட்டியலில் மதிப்பெண் எவ்வளவு முக்கியமோ, தேதி தவறியவர்களின் பெயர்களும் அவ்வளவு முக்கியம்.

2. நேரம் இல்லை என்ற வாதம்

நேரம் எங்கே செலவாகிறது என்று பார்த்தால் இந்த வாதம் தலைகீழாகிவிடுகிறது. ஒன்பது கேள்விகளுக்கு விடை சொல்லச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்கள் மருத்துவருடையவை அல்ல, ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டு வரிசையில் காத்திருக்கும் நோயாளியுடையவை. படிக்கத் தெரிந்தவர் தாமே நிரப்பலாம். தெரியாதவருக்குச் செவிலியரோ களப்பணியாளரோ வாசித்துக் காட்டலாம். மருத்துவரிடம் போய்ச் சேர்வது இரண்டே எண்கள்: சென்ற முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு.

இதே சுகாதார நிலையத்தில், இதே கூட்டத்தில், சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை பார்க்காமல் மாத்திரை எழுதுவதை எந்த மருத்துவரும் ஏற்பதில்லை. முகத்தைப் பார்த்தே சர்க்கரை குறைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. கூட்டம் அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனை கைவிடப்படவும் இல்லை. கூட்டம் இருப்பதால்தான் அது மருத்துவரின் மேசைக்கு முன்பாகவே வேறொருவர் கையில் முடிக்கப்படுகிறது. மனச்சோர்வுக்கு மட்டும் வேறு நியாயம் பேசக் காரணம் இல்லை.

ஒருவருக்கு ஒதுக்க ஐந்து நிமிடம்தான் உண்டு என்றால், அந்த ஐந்து நிமிடத்தில் யாருக்கு மருந்தை மாற்ற வேண்டும், யாருக்கு அப்படியே தொடரலாம் என்று பிரித்துக் காட்டும் கருவி கூடுதலாகத் தேவைப்படும், குறைவாக அல்ல. சீனத் தலைநகரில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இதற்குப் பொருந்தும். மனச்சோர்வுள்ள 120 வெளிநோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு பிரிவுக்கும் கொடுத்தவை ஒரே இரண்டு மருந்துகள். ஒரு பிரிவில் மருத்துவர்கள் வழக்கம்போலத் தங்கள் மதிப்பீட்டின்படி நடந்தார்கள். மற்றதில் ஒவ்வொரு வருகையிலும் அறிகுறி மதிப்பெண்ணும் பக்கவிளைவு மதிப்பெண்ணும் பார்த்து, வகுத்துவைத்த நெறியின்படி அளவைக் கூட்டினார்கள் அல்லது குறைத்தார்கள். 24 வாரங்களில் நோய் தணிந்தவர்கள் முதல் பிரிவில் 28.8 சதவீதம், இரண்டாவதில் 73.8 சதவீதம். ஒரு சிறிய ஆய்வின் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எல்லா ஊருக்கும் அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனால் வித்தியாசத்தின் காரணம் தெளிவு: அளந்தவர்கள் மருந்தின் அளவை உரிய காலத்தில் மாற்றினார்கள். அளக்காத இடத்தில் நோயாளி பாதி தேறி அங்கேயே நின்றுவிடுகிறார். பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரை மாதக்கணக்கில் எழுதப்படுகிறது. ஆறு மாதம் பலனில்லாமல் வந்துபோகும் ஒருவர் ஓ.பி.யில் எடுத்துக்கொள்ளும் நேரம், அவரை இரண்டாம் மாதத்திலேயே அடையாளம் காணச் செலவாகும் நேரத்தைவிடப் பல மடங்கு.

3. மக்கள் உண்மை சொல்லமாட்டார்கள் என்ற வாதம்

தாளில் பொய் சொல்பவர் வாயால் மட்டும் உண்மை சொல்வாரா? இந்த வாதம் செல்லுபடியானால், நேரில் கேட்டுப் பெறும் பதிலையும் அதே வேகத்தில் சாய்த்துவிடும். மருத்துவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்பார், பின்னால் அடுத்த ஆள் சீட்டோடு நிற்பார். அந்த நிலையில் மரியாதைக்காகச் சொல்லும் பதிலே வரும். தூக்கம் எத்தனை நாள் கெட்டது, சாப்பாடு எத்தனை நாள் இறங்கவில்லை என்று தனித்தனியாகக் கேட்கும்போது, பொதுவான நலவிசாரிப்பில் மறைந்துபோகும் செய்தி வெளிவர வாய்ப்புண்டு.

கேள்விகள் அந்நியமானவை என்பதும் பாதி உண்மைதான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலி, தலைப்பாரம், அசதி, நெஞ்சுப் படபடப்பு என்ற முறையீடுகளோடுதான் மருத்துவரிடம் வருகிறது. அதற்காக அளவுகோலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, திருத்தினால் போதும். அந்த வேலை சென்னையில் எப்போதோ நடந்துவிட்டது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்தக் கேள்வித்தாளை நம் மக்களுக்கேற்ப மாற்றி, பி.எச்.க்யூ-12 என்ற வடிவத்தின் நம்பகத்தன்மையைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில், சென்னை நகரத்தில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் சுமார் 15 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாக அறிவித்தார்கள். இத்தனை ஆயிரம் பேர் பதில் சொன்ன பிறகும் நம் மக்கள் சொல்லமாட்டார்கள் என்பது அனுபவத்துக்கு ஒவ்வாத பேச்சு.

மேலும், பின்னூட்டத்துக்குத் தேவை இரு மனிதர்களை ஒப்பிடுவது அல்ல. ஒரே மனிதரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவது. ஒருவர் எப்போதும் தன் துயரைக் குறைத்தே சொல்பவர் என்றால், சென்ற மாதமும் குறைத்தே சொல்லியிருப்பார். அவருடைய 8 இந்த மாதம் 14 ஆனால், அந்த ஏற்றம் உண்மையான செய்தி.

இந்த வாதத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. தனிமை இல்லாத இடத்தில், குடும்பத்தார் காதில் விழ வாசிக்கப்படும் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பயனற்றது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்குத் தமிழ் போதும். மாகேவுக்கு மலையாளமும் ஏனாமுக்குத் தெலுங்கும் வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஆம் என்ற பதில் வந்தால் அன்றே என்ன செய்வது, யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு இல்லாமல் அதைக் கேட்பது பொறுப்பற்ற செயல். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. அது துணையாகலாம், நேரடிக் கவனிப்புக்கு மாற்றாகாது. இவையெல்லாம் எப்படி அளப்பது என்பதற்கான நிபந்தனைகள். அளக்காமல் விடுவதற்கான காரணங்கள் அல்ல.

4. முதலில் மருத்துவர்கள் வேண்டும் என்ற வாதம்

எத்தனை மருத்துவர்கள் வந்தால் போதும்? இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதே பலரும் சொல்லும் கணக்கு. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பொதுவான மனநலக் கோளாறுள்ளோரில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. நாட்டளவில் ஆள் பற்றாக்குறை மறுக்க முடியாத உண்மை.

ஆனால் இந்த வாதத்தைப் புதுச்சேரியில் சொல்வது பொருந்தாது. 1823-ல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது 1964-ல் ஜிப்மரான நிறுவனம். சின்னஞ்சிறு ஒன்றியப் பகுதிக்குள் அதைத் தவிரப் பல மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. அப்படியிருந்தும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2015-ல் புதுச்சேரியின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 43.2, நாட்டிலேயே அதிகம். தேசிய வீதம் 10.6. 2022-ல் அது 29.7 ஆகக் குறைந்தும், தேசிய வீதமான 12.4-ஐவிட இரு மடங்குக்கு மேல். தற்கொலைக்கு மனச்சோர்வு ஒன்றே காரணம் அல்ல. மது, கடன், குடும்பச் சிக்கல், நாள்பட்ட நோய் எல்லாம் கலந்தது அது. அந்த வீதத்தை எந்த மருத்துவர் தலையிலும் ஏற்றக் கூடாது. என்றாலும், மருத்துவர்கள் அருகில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆள் பற்றாக்குறைக்கு மெய்யான விடை தேடியவர்கள் பின்னூட்டத்தை ஒதுக்கவில்லை; அதன்மேல்தான் கட்டினார்கள். புதுச்சேரியைப் போலவே ஐரோப்பியர் ஆட்சியிலிருந்து வந்த, மது மலிந்த, சிறிய கடற்கரை நிலப்பகுதி கோவா. அங்கே சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழுவினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுள்ள 495 பேரிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். சிகிச்சை தந்தவர்கள் மனநலத்துறையில் படித்தவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதங்களில் நோய் தணிந்தவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றோரில் 39 சதவீதம். ஆலோசனையும் பெற்றோரில் 64 சதவீதம். இந்த முடிவுகள் லான்செட் இதழில் வெளிவந்தன.

படிப்புப் பின்னணி இல்லாத ஆலோசகர்களின் தரம் எப்படிக் காக்கப்பட்டது? அமர்வுகள் ஒலிப்பதிவாயின. ஆலோசகர்கள் குழுவாக அமர்ந்து ஒருவர் பதிவை ஒருவர் கேட்டு, பொதுவான ஓர் அளவுகோலில் மதிப்பெண் இட்டு, எங்கே சரியாகக் கேட்டார், எங்கே அவசரப்பட்டார் என்று பேசினார்கள். நோயாளியின் நிலையைச் சொல்வது ஒருவகைப் பின்னூட்டம் என்றால், சிகிச்சையாளரின் கைத்திறனைச் சொல்வது இது. நிபுணர்கள் குறைவாக உள்ள இடத்தில்தான் இரண்டும் கட்டாயமாகின்றன. பின்னூட்டம் இல்லாமல் ஆட்களை மட்டும் கூட்டினால், இன்று ஒருவருக்குத் தெரியாமல் போவது நாளை பத்துப் பேருக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

5. பலன் சிறிது என்ற வாதம்

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான்; மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டியது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட மதிப்பாய்வு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுவான மனநலக் கோளாறுகளில் வழக்கமான அளவீட்டால் ஒட்டுமொத்தத்தில் கணிசமான வித்தியாசம் ஏற்படுவதாகச் சொல்லப் போதிய சான்றில்லை என்றது. 58 ஆய்வுகளையும் 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கிய 2021-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு பலன் உண்டு என்று கண்டது. ஆனால் அது சிறியது. பின்னூட்டத்தை மாயமருந்தாக விற்பவர்கள் இந்த இரண்டையும் படிக்க வேண்டும்.

ஆனால் சராசரி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? சிகிச்சைக்கு வருபவர்களில் ஒரு பெரும் பகுதி, சிகிச்சையாளருக்கு எண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தேறுவார்கள். அவர்களுக்குப் பின்னூட்டம் எதையும் கூட்டப்போவதில்லை. பாதை விலகிப் போகிறவர்களுக்காகவே அது இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தச் சிலருக்குக் கிடைத்த பலன் கரைந்து சிறிதாகத் தெரியும். காக்ரேன் மதிப்பாய்வேகூட, பாதை விலகியவர்கள் பிரிவில் பின்னூட்டத்துக்குச் சற்றுப் பலன் இருப்பதைக் குறித்தது. இங்கிலாந்தில் எட்டு அரசுச் சேவை மையங்களில் 77 சிகிச்சையாளர்களையும் 2,233 நோயாளிகளையும் கொண்டு நடத்தி 2018-ல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்தபடி தேறாதவர்களை அடையாளம் காட்டி எச்சரித்தபோது, அவர்கள் சிகிச்சை முடிவில் குறைந்த அறிகுறிகளோடு இருந்ததைக் காட்டியது. 2021-ன் தொகுப்பாய்வு, பாதியில் நின்றுபோவோரின் எண்ணிக்கையும் குறைவதைக் கண்டது. நின்றுபோவதே பெருங்குறையாக உள்ள இடத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

பலன் சிறிதாவதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. எண்ணைக் கொடுப்பது வேறு, எண்ணைப் பயன்படுத்துவது வேறு. நெதர்லாந்தில் 2012-ல் வெளியான ஆய்வில், பின்னூட்டம் பெற்ற சிகிச்சையாளர்களில் பலர் அதைப் பயன்படுத்தவே இல்லை. பாதை விலகிய நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது, பயன்படுத்தியவர்களிடம்தான். பிரிக்காத உறையில் கிடக்கும் பரிசோதனை அறிக்கை எவரையும் குணப்படுத்தாது. அதற்காகப் பரிசோதனையைக் குறைசொல்வதில்லை.

எண் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் சேர்த்து அமைத்தால் என்ன ஆகும்? அதற்கும் அருகிலேயே சான்று உண்டு. சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரைக் கொண்டு சென்னை உட்பட இந்தியாவின் நான்கு மருத்துவ மையங்களில் நடத்திய ஆய்வு 2020-ல் ஜாமா இதழில் வெளிவந்தது. அதில் ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளியைத் தொடர்ந்து அழைத்து விசாரித்தார்கள். மின்னணுப் பதிவேடு மருத்துவருக்கு அடுத்த படியை நினைவூட்டியது. நிபுணர்கள் தேறாதவர்களைப் பற்றிக் குறித்த இடைவெளியில் கூடிப் பேசினார்கள். 24 மாதங்களில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது மேம்பட்டவர்கள் 71.6 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 57.4 சதவீதம். இந்தப் பலன் முழுவதையும் பின்னூட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பின்னூட்டம் இல்லாமல் அந்த ஏற்பாட்டின் எந்தப் பகுதியும் இயங்கியிருக்காது. யாரைப் பற்றிக் கூடிப் பேசுவது என்று நிபுணர்களுக்குச் சொன்னதே அளவீடுதான்.

6. எண் கோலாகிவிடும் என்ற வாதம்

இந்த அச்சம் வீண் அச்சம் அல்ல. அரசு அலுவலகத்தில் எந்த எண்ணும் சீக்கிரமே இலக்காக மாறும். இலக்கு நோட்டீஸாக மாறும். தேறியவர்களின் சதவீதத்தை வைத்து ஊழியரை எடைபோட்டால், தேறக்கூடியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு கடினமானவர்களை வேறிடத்துக்கு அனுப்பும் பழக்கம் வரும். இல்லாவிட்டால் மதிப்பெண்ணே கையால் திருத்தப்படும். அப்புறம் அந்த எண் சிகிச்சைக்கும் பயன்படாது.

இதற்கு விடை, எண் யாரிடம் போகிறது என்பதில் இருக்கிறது. சிகிச்சையாளருக்கும் அவரை வழிநடத்தும் மூத்தவருக்கும் நோயாளிக்கும் தனிப்பட்ட மதிப்பெண் போக வேண்டும். நிர்வாகத்துக்குப் பெயர் நீக்கிய மொத்தக் கணக்கு போதும்: எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் அளக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் நின்றுபோனார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தன் தகவல் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. எண்ணும் அந்த உரிமைக்குள் அடங்கும்.

இங்கிலாந்தில் 2008-ல் தொடங்கிய பேச்சுச் சிகிச்சைத் திட்டம் ஒவ்வொரு அமர்விலும் அளந்து, தேறியோர் கணக்கை வெளிப்படையாக வெளியிடுகிறது. தேறுவோர் 50 சதவீதமாக இருக்க வேண்டும் என்ற இலக்கும் வைத்தது. இலக்கின் அழுத்தம் பற்றிய விமர்சனங்கள் அங்கேயும் எழுந்தன. ஆனால் அந்த விவாதம் நடக்க முடிந்ததே கணக்கு இருந்ததால்தான். கணக்கே இல்லாத இடத்தில் ஊழியர்கள் தண்டனையிலிருந்து தப்புவதும் இல்லை. அங்கே மேலதிகாரியின் அபிப்பிராயமும் ஒரு துயரச் சம்பவத்துக்குப் பின் எழும் கூச்சலும் தீர்ப்பு எழுதும். நோயாளி மோசமாகிறார் என்று மூன்றாம் வாரமே எழுத்தில் தெரிந்து, மூத்தவரிடம் சொல்லி, மருந்தை மாற்றிய பதிவு இருந்தால், அது ஊழியருக்குப் பாதுகாப்பு.

இனி நடக்க வேண்டியது

ஆறு வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கூட்டம், நிபுணர் பற்றாக்குறை, பேசத் தயங்கும் நோயாளி, நின்றுபோகும் சிகிச்சை என்று எதிர்த்தரப்பு அடுக்கும் ஒவ்வொரு சிரமமும் பின்னூட்டத்தின் தேவையைக் கூட்டுகிறது. நேரமும் நிபுணரும் தாராளமாக உள்ள இடத்தில் ஒருவேளை எண் இல்லாமலும் சமாளிக்கலாம். அவை இல்லாத இடத்தில் முடியாது.

ஏற்பாடு பெரிதல்ல. காத்திருக்கும் நேரத்தில் தனிமையான ஒரு மூலையில் அளப்பது. இரண்டு எண்களையும் நோயாளியின் நோட்டில் எழுதுவது. குறித்த வாரத்துக்குள் 5 புள்ளியாவது இறங்காதவர்களையும் தேதி தவறியவர்களையும் தனிப் பட்டியலாக்குவது. அந்தப் பட்டியலை மட்டும் வாரம் ஒருமுறை மூத்த மருத்துவருடன் பேசுவது. ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்றவரை அன்றே பார்ப்பது. வராதவர் வீட்டுக்குக் களப்பணியாளர் ஒருமுறை போவது. கடைசி வேலையில் கதவைத் தட்டும் விதமும் முக்கியம். அக்கம்பக்கத்தாருக்கு நோயின் பெயர் தெரியக் கூடாது.

தொடங்கும் இடங்களும் தயார். ஜிப்மர் நடத்தும் சுகாதார மையங்கள் நகரத்தில் குருசுக்குப்பத்திலும் கிராமப்புறத்தில் ராமநாதபுரத்திலும் உள்ளன. இரண்டும் மருத்துவ மாணவர்களுக்குச் சமூக மருத்துவம் கற்பிக்கும் களங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பின்னூட்டத்தோடும் மறுபாதியில் வழக்கம்போலவும் ஓராண்டு நடத்தலாம். நின்றுபோனவர்களையும் தேடிப்பிடித்துக் கணக்கில் சேர்த்து, முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். பின்னூட்டம் இருந்த பக்கத்தில் கூடுதலாக எவரும் தேறவில்லை, நின்றுபோனவர்களும் குறையவில்லை என்று தெரிந்தால், இந்த மறுப்பு தோற்றதாகக் கொள்ளலாம். அப்படி ஒரு சோதனைக்கு முன்வராமல், பார்த்தாலே தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது வாதமாகாது.